நாலு மணி அழைப்பு

செத்து ஐந்து நாள் ஆகியும் அம்மா சாப்பிட்டு முடிக்கவில்லை.

நாங்கள் ஒரு குறையும் வைக்கவில்லை. விடிந்ததும் அண்ணி பிக்-ஹா, அம்மாவின் படத்துக்கு முன் போட்ட மேசையில் முகம் கழுவத் தண்ணீர், துண்டு, பற்பசை வைத்த பிரஷ் எல்லாம் கொண்டுவந்து வைப்பாள். அப்புறம் சர்க்கரைவள்ளிக்கிழங்குக் கஞ்சி, ஊறுகாய் முள்ளங்கி போட்ட முட்டை. சாயங்காலம் சோறும் பால்மீனும். ஊதுவத்தி பாதி எரிந்ததும் இரண்டு பத்து டாலர் காசைக் கைக்குள் குலுக்கி, "அத்தே, சாப்ட்டு முடிச்சிட்டீங்களா?" என்று கேட்டுத் தட்டில் போடுவாள். ஒரு தலை, ஒரு பூ விழுந்தால் முடித்துவிட்டாள் என்று எடுத்துவிடலாம். இரண்டும் பூவாக விழுந்தால் கோபம். இரண்டும் தலையாக விழுந்தால் சிரிக்கிறாள், மறுபடி கேட்க வேண்டும் என்று கணக்கு.

அம்மா ஐந்து நாளும் சிரித்தாள்.

"உப்பு கம்மியா இருக்கா அத்தே?" சிரிப்பு. "மீன்ல முள்ளு இருக்கா?" சிரிப்பு. "இன்னும் கொஞ்சம் சோறு வேணுமா?" சிரிப்பு. பத்து, பதினோரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு அண்ணி கடைசியில் கைகூப்பி, "மன்னிச்சுக்குங்க அத்தே, ஈ மொய்க்குது" என்று தட்டை எடுத்துக்கொண்டு போவாள். உயிரோடு இருந்தபோது அண்ணியின் சமையலைப் பார்த்து அம்மா இவ்வளவு சிரித்ததே கிடையாது.

பக்கத்திலேயே குளிர்ப்பெட்டிக்குள் அம்மா படுத்திருந்தாள். அதன் மோட்டார் அரை மணிக்கு ஒருமுறை ஓடும், நிற்கும். நிற்கும்போது ஒரு பெருமூச்சு மாதிரி சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்கு ஒவ்வொரு தடவையும் அண்ணன், அண்ணி, நான் மூன்று பேரும் திரும்பிப் பார்த்தோம். ஐந்து நாளில் பழகியிருக்க வேண்டும். பழகவில்லை.

"யாருக்கோ காத்துக்கிட்டு இருக்காங்க யுன்" என்றாள் அண்ணி என்னிடம், குரலைத் தாழ்த்தி. "எல்லாரும் வந்து உக்காராம அவங்க என்னிக்கு வாயில சோத்த வெச்சிருக்காங்க?"

யாருக்கு என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

என் தம்பி ஆ-ஹொக்குக்குத்தான். ஜியாயி நகரத்துக்குப் படிக்கப் போன காலத்தில் அவன் வரும் பஸ் எட்டு மணிக்குக்கூட வராது. அம்மா அவன் தட்டை மூடி வைத்துவிட்டு அடுப்படியில் நின்றுகொண்டே இருப்பாள். நாங்கள் சாப்பிட்டு ஏப்பம் விட்டுப் படுத்தாலும் அவள் சாப்பிட மாட்டாள். அந்த ஆ-ஹொக் இனி எந்த பஸ்ஸிலும் வரப்போவதில்லை. வியட்நாமில் ஒரு செருப்புத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளனாக இருந்தவன், இரண்டு வருஷம் நாலு மாதத்துக்கு முன்னால், மே மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, மாரடைப்பில் போய்விட்டான். அம்மாவுக்கு நாங்கள் சொல்லவில்லை.

சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள், எல்லாரும் கேட்டார்கள். அப்போது அம்மாவுக்கு இதய அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. எந்த அதிர்ச்சியும் கூடாது என்று டாக்டர் விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னார். உடம்பைக் கவோசியுங்குக்கு, அவன் மனைவியின் ஊருக்குக் கொண்டுவந்து சத்தமில்லாமல் காரியம் முடித்தோம். அம்மா தேறட்டும், சொல்லுவோம் என்றோம். அப்புறம் மழைக்காலம் போகட்டும் என்றோம். அப்புறம் புது வருஷம் என்றோம். பொய் சொல்ல ஆரம்பித்துவிட்டால் அதை நிறுத்த நல்ல நாள் என்று ஒன்று கிடைக்கவே கிடைக்காது.

அந்தப் பொய்யில் பெரிய வேலை அண்ணனுடையது. ஆ-ஹொக் ஞாயிறுதோறும் நாலு மணிக்கு வீட்டுப் போனுக்குக் கூப்பிடுவான். அவன் செத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை போன் அடிக்கவில்லை. அம்மா ஆறு மணிவரை போன் பக்கத்திலேயே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். "வேலையா இருப்பான்" என்று மட்டும் சொன்னாள். அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். அடுத்த ஞாயிறு நாலு மணிக்கு அவர் யாரிடமும் சொல்லாமல் துறைமுகத்துச் சிப்பிக் கொட்டகைக்குப் போய், அங்கிருந்து வீட்டுக்குப் போன் போட்டார். அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே குரல். அம்மாவுக்கோ இடது காது சுத்தமாகக் கேட்காது. வலது காதும் பாதிதான். நான் பக்கத்தில் இருந்தேன். அம்மா ரிசீவரைக் காதில் வைத்துக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "சாப்ட்டியாடா?" என்றாள்.

அதிலிருந்து ஒரு ஞாயிறு தவறவில்லை. கூப்பிட்டுவிட்டு அண்ணன் வீட்டுக்கு வருவார். "உன் தம்பி பேசினான்" என்பாள் அம்மா. "அப்படியா? என்ன சொன்னான்?" என்று அவரும் கேட்டுத் தொலைப்பார். கறிகாய்க்காரனிடம் ஒரு கொத்து வெங்காயத்தாளுக்கு அரை மணி நேரம் சண்டை போடுகிறவள், இரண்டு புது வருஷமும் ஆ-ஹொக் ஏன் வரவில்லை என்று ஒரு தடவை கேட்கவில்லை. அவளுக்கு வயதாகிவிட்டது என்று நினைத்தோம். எங்களைப் பெரிய கெட்டிக்காரர்கள் என்றும் நினைத்துக்கொண்டோம்.

இப்போது அம்மாவும் போய்விட்டாள். புதன்கிழமை காலையில், அதே நாற்காலியில், கஞ்சி ஆறட்டும் என்று உட்கார்ந்திருந்தபடியே. வலியில்லாத சாவு என்று தெருவே சொன்னது. ஞாயிற்றுக்கிழமை மதியம், காரியம் நடத்துகிற குவே கையில் ஒரு தாளோடு வந்து உட்கார்ந்தார்.

"டீச்சர், நீங்கதான் எழுதணும்" என்றார் என்னிடம். முப்பத்து நாலு வருஷம் பள்ளிக்கூடத்தில் கத்தியவள் என்பதால் இந்த மாதிரி வேலையெல்லாம் என் தலையில்தான் விழும். "அம்மாவோட வாழ்க்கைக் குறிப்பு. வழியனுப்புற அன்னிக்குப் படிப்போம். மாதிரி இதுல இருக்கு, பேர மட்டும் போட்டாப் போதும்."

வாங்கிப் பார்த்தேன். கணவருக்கு உற்ற துணைவி, பிள்ளைகளுக்கு அன்பே உருவான தாய், பேரப்பிள்ளைகளின் கண்கண்ட பாட்டி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இத இந்த ஊர்ல செத்த எல்லாப் பொம்பளைக்கும் படிக்கலாமே, குவே."

"படிக்கிறோமே" என்றார் அவர், ஒளிவுமறைவில்லாமல். "அப்புறம் அழைப்பு அட்டை நாளைக்கு அச்சுக்குப் போவணும். பிள்ளைங்க பேரு வரிசை சரியா இருக்கான்னு பாத்துடுங்க. போனவங்க யாராச்சும் இருந்தா பேருக்குப் பக்கத்துல அந்த எழுத்தைப் போடணும்."

இறந்தவர் என்று காட்டுகிற ஒற்றை எழுத்து. அண்ணன் நிமிர்ந்தார். "ஒண்ணும் போட வேணாம்" என்றார். "ரெண்டு மகன், ஒரு மக. அப்படியே போடுங்க."

"அண்ணே, ஊருக்கே தெரியும்" என்றேன்.

"ஊருக்குத் தெரியட்டும். அம்மா முன்னாடி படிக்கிறதுல அது வரக்கூடாது."

குவே என்னைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். நாளைக் காலைவரை நேரம் தருகிறேன் என்று தாளை மேசையில் வைத்துவிட்டு நழுவினார். அண்ணனும் எழுந்து வெளியே போய்விட்டார்.

நானும் அண்ணியும் உட்கார்ந்து அம்மாவோடு எரிக்கக் காகிதத் தாமரை மடித்துக்கொண்டிருந்தோம். மழை தூறியது. குளிர்ப்பெட்டி மோட்டார் நின்று பெருமூச்சு விட்டது. அப்போது போன் அடித்தது.

கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு மணி.

அண்ணியின் கையிலிருந்து தாமரை விழுந்தது. "மாசூ தாயே!" என்று கடல் தெய்வத்தைக் கூப்பிட்டாள். அம்மா இறந்ததிலிருந்து அந்தப் போன் அடிக்கவில்லை. எல்லாரும் கைப்பேசியில்தான் கூப்பிட்டார்கள். ஆறாவது தடவை மணி அடித்ததும் நான் எடுத்தேன்.

"அம்மா? நான்தாம்மா, ஆ-ஹொக்."

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அது அம்மாவின் நாற்காலி. அண்ணன்தான் பேசுகிறார் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் இத்தனை மாதமும் ரிசீவர் அம்மாவின் காதில்தான் இருந்தது. அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. அது ஆ-ஹொக்கேதான். வார்த்தைக்கு முன்னால் மூக்கால் ஒரு சின்ன இழுப்பு இழுப்பானே, அதுகூட இருந்தது. பின்னால் காற்றும் மழையும் கேட்டன.

என்னையும் அறியாமல் என் வாய், "சாப்ட்டியாடா?" என்றது.

"சாப்ட்டேம்மா" என்றது குரல். இணைப்பு துண்டானது.

கால் மணி நேரம் கழித்து அண்ணன் நனைந்தபடி வந்தார். யாரையும் பார்க்காமல் துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினார். அறுபத்திரண்டு வயது, சிப்பி உடைத்து உடைத்துக் கோணிப்போன விரல்கள், தேய்ந்த முழங்கால். எனக்கு அழுகையும் வந்தது, அவர் கன்னத்தில் ஒன்று போடலாம் போலவும் இருந்தது.

"பைத்தியமா உனக்கு?" என்றேன்.

"நாலு மணி ஆச்சு. கை தானா போட்டுடுச்சு" என்றார். "யாரும் எடுக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்."

"அண்ணே, அம்மாகிட்ட சொல்லிடலாம். இந்த மேசைக்கு முன்னாடி நின்னு சொல்லிடலாம். அவ அவனுக்காகச் சாப்பிடாம உக்காந்திருக்கா. நாளான்னிக்கு ஏழாம் நாள். அதுக்கப்புறமும் போகாம இங்கயே அவனுக்குக் காத்துக்கிட்டு உக்காந்திருந்தா என்ன பண்ணுவ?"

"செத்தவகிட்ட போய், உன் புள்ளையும் செத்துட்டான்னு சொல்லச் சொல்றியா? நிம்மதியாப் போனா. அப்படியே போகட்டும்."

"நிம்மதியா? அஞ்சு நாளா ஒரு பருக்க எறங்கல!"

"சொன்னா அவளுக்கு எல்லாம் தெரிஞ்சிடும்டி!" என்று கத்தினார். அண்ணி எழுந்து நின்றுவிட்டாள். "நூத்தி இருவது தடவ அவ காதுல அவனா பேசினது நான். அவனுக்குன்னு வெச்சிருந்த வார்த்தையெல்லாம் நான் வாங்கித் தின்னுட்டேன். அது தெரிஞ்சா அவ மொகத்துல நான் எப்படி முழிப்பேன்? நாளைக்கு நானும்தான் அங்க போவேன்."

அண்ணன் பயந்து நான் பார்த்ததில்லை. புயலில் சிப்பித் தெப்பத்தை இழுத்துக் கட்டப் போகிற மனிதர் அவர். அன்று சாயங்காலமும் அண்ணி காசு போட்டாள். இரண்டும் தலை.

திங்கட்கிழமை காலையில் ஆ-ஹொக்கின் மகன் வேய்-லுன் கவோசியுங்கிலிருந்து வந்தான். அவன் அம்மா வழியனுப்புகிற அன்று வருவதாக இருந்தாள். இருபது வயதுப் பையன். இரண்டு புது வருஷமும் இதே வீட்டில் உட்கார்ந்து, "அப்பாவுக்கு லீவு கெடைக்கல பாட்டி" என்று சொல்ல வைத்தோம் அவனை. அந்தப் பாவமும் எங்களுடையதுதான். குவே பின்னாலேயே வந்து, துக்க அங்கிக்கு அளவு கேட்டார். இப்போதெல்லாம் அவர்களே வாடகைக்குக் கறுப்பு அங்கி கொண்டுவந்துவிடுகிறார்கள்.

"வேணாம்" என்றாள் அண்ணி. "வாடகைத் துணி என் பிள்ளைங்க மேல படக்கூடாதுன்னு அத்த சொல்லியிருக்காங்க. எல்லாம் அவங்க பெட்டியில இருக்கு."

அந்தப் பெட்டியை நான் ஒரு தடவை திறந்திருக்கிறேன்.

அம்மா பகலெல்லாம் சிப்பி உடைப்பாள். தெருவில் சாவு விழுந்தால் அந்த வீட்டுக்குச் சணலில் துக்க உடை தைத்துக் கொடுப்பாள். யாராவது தைக்கத்தானே வேண்டும் என்பாள். மகன், மகள், மருமகள் என்றால் முரட்டுச் சணல். பேரப்பிள்ளைகளுக்கு மெல்லிய வெளிர்மஞ்சள் துணி. கண்ணை மூடிக்கொண்டு அளவெடுப்பாள். அதற்கென்று ஒரு சணல் சுருளை அவள் கட்டிலுக்கடியில் கற்பூர மரப்பெட்டியில் எப்போதும் வைத்திருப்பாள்.

ஆ-ஹொக்கைச் சவப்பெட்டியில் வைப்பதற்கு முந்தின நாள் கவோசியுங்கில் காரியக்காரர் கேட்டார், "அம்மா உயிரோட இருக்காங்களா?" இருக்கிறாள் என்றோம். அப்படியானால் அவளுக்கான துக்கத்தை அவன் முன்கூட்டியே அணிந்துகொண்டு போக வேண்டும், அவள் சாகும்போது நெற்றியில் சணல் கட்ட அவன் இருக்க மாட்டான் அல்லவா? சாண் அகலத்துக்கு ஒரு பட்டை போதும் என்றார். அவரிடமே கடைச் சணல் இருந்தது. எனக்குத்தான் மனம் கேட்கவில்லை. அம்மா தொட்ட துணியாவது அவனோடு போகட்டும் என்று எங்கள் ஊர் புதாய்க்கு பஸ் பிடித்து வந்து, அவள் மத்தியானம் தூங்கும்போது பெட்டியைத் திறந்து, சமையல் கத்தரிக்கோலால் ஒரு சாண் வெட்டி எடுத்துக்கொண்டு போனேன். அவசரத்தில் கோணல்மாணலாக வெட்டினேன். அவ்வளவு பெரிய சுருளில் ஒரு சாண் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். என்ன அறிவு!

அண்ணி பெட்டியை முன்னறைக்கு இழுத்துவந்து திறந்தாள். சுருள் இல்லை. அதற்குப் பதிலாக உடைகள் தைத்து மடித்து, ஒவ்வொன்றும் நாள்காட்டித் தாளில் சுற்றி வைக்கப்பட்டிருந்தன. அம்மா தினசரி கிழிக்கிற நாள்காட்டித் தாளைத் தூக்கிப்போடவே மாட்டாள், அன்றைக்கே எதையாவது சுற்றி வைத்துவிடுவாள். கோணல் எழுத்தில் ஒவ்வொன்றிலும் பெயர் இருந்தது. பள்ளிக்கூடம் போகாதவளுக்கு எங்கள் பெயர்கள் மட்டும் எழுதத் தெரியும்.

அண்ணனுக்கு ஒன்று. அண்ணிக்கு ஒன்று. எனக்கு ஒன்று. ஆ-ஹொக்கின் மனைவிக்கு ஒன்று. நான்கும் சணல். அண்ணனின் மகள்கள் இருவருக்கும் வெளிர்மஞ்சள். ஆ-ஹொக்குக்கு எதுவும் இல்லை.

"அவனுக்குத் தைக்க மறந்துட்டாங்களா?" என்றாள் அண்ணி.

அடியில் இன்னும் ஒரு பொட்டலம் இருந்தது. வேய்-லுன் பெயர். பிரித்தேன். உள்ளே அங்கியும் தலைப்பட்டியும். சணல்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. வேய்-லுன்தான் அதைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தான். "அத்தே, பேரனுக்கு மஞ்சள்தானே? எனக்கு ஏன் சணல்?" என்று என்னிடம் கேட்டான்.

குவே மெதுவாகச் சொன்னார், "அப்பா இல்லாத பேரன்தான் சணல் கட்டுவான் தம்பி. அப்பாவோட எடத்துல நின்னு."

நான் தலைப்பட்டியைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தேன். ஒரு பக்க விளிம்பு நேராக இருந்தது, அம்மாவின் வெட்டு. இன்னொரு பக்கம் கோணல்மாணல். என் வெட்டு. அதை அவள் நேராக்கவில்லை. கோணல் போகிற வழியே பொடித்தையலாக மடித்துத் தைத்திருந்தாள். தம்பி நெற்றியில் கட்டிய பட்டை எங்கே முடிந்ததோ, அங்கிருந்தே அவன் பிள்ளைக்கு வெட்டியிருக்கிறாள். சாண் அகலச் சணல் எதற்குப் போகும் என்று இந்தத் தெருவில் அவளைவிட யாருக்குத் தெரியும்? நான் அந்தப் பெட்டியைத் திறந்த அன்றே, கத்தரிக்கோலாலேயே அவளிடம் சொல்லிவிட்டேன்.

"தேதி என்ன?" என்றார் அண்ணன். "அந்தத் தாள்ல தேதி என்ன யுன்?"

பிரித்துப் பார்த்தேன். இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஜூன் ஏழு. ஆ-ஹொக் செத்து ஒரு மாதம்கூட ஆகாத நாள். கண் அப்போதே அவளுக்கு மங்கல். எங்களுக்குத் தெரியாமல் எந்த நேரத்தில் உட்கார்ந்து தைத்தாளோ!

"அப்போ அவளுக்குத் தெரியும்" என்றாள் அண்ணி. "மொதல்லேருந்தே தெரியும்."

அண்ணன் அம்மாவின் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். வெகுநேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "மழை" என்றார்.

"என்ன மழை?"

"போன வருஷம். கொட்டகைக் கூரையில ஓட்டை. நனைஞ்சுகிட்டே பேசிக்கிட்டு இருந்தேன். 'மழையில நிக்காதடா, உள்ள தள்ளி நில்லு, முழங்கால் வலிக்கும்'னா. வியட்நாம்ல மழையான்னு இவளுக்கு எப்படித் தெரியும், வயசாயிடுச்சு உளர்றான்னு நெனச்சேன். அவனுக்கு ஏதுடி முழங்கால் வலி?"

நான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அம்மா போனில் என்ன பேசினாள் என்று அண்ணன் இதுவரை எங்களிடம் சொன்னதில்லை. கேட்டால், "அவனுக்குச் சொன்னது, உங்களுக்கு எதுக்கு?" என்று எரிந்து விழுவார். நாங்களும் விட்டுவிட்டோம். ஆ-ஹொக்தான் செல்லப்பிள்ளை, அது எங்களுக்குப் பழகிய விஷயம். அண்ணனை அம்மா பாராட்டி ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. சூப்பில் உப்பு அதிகமென்றால்கூட அவரைத்தான் திட்டுவாள்.

"ஒவ்வொரு வாரமும் என்னப் பத்தித்தான் பேசுவா" என்றார் அண்ணன். "எனக்கு எரியும். நான் இங்க இருக்கேன், என்னப் பத்தி அவன்கிட்ட சொல்றாளேன்னு. 'உன் அண்ணன் அந்த வருஷம் வகுப்புல மொதல்ல வந்தான்டா. பன்னெண்டு வயசு. உங்கப்பா இருமிக்கிட்டுப் படுத்துட்டாரு. நான்தான் அவன் கையிலேருந்து புஸ்தகத்தப் புடுங்கிட்டுச் சிப்பிக் கத்தியக் குடுத்தேன். அவன் அழல. அழுதிருந்தா திருப்பிக் குடுத்திருப்பேன். அவன் அழாததுதான் இன்னிக்கும் என்னை அறுக்குது'ன்னா."

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் அவன் கொரல்ல சொன்னேன். 'இத அண்ணன்கிட்டயே சொல்லேம்மா. என்கிட்ட சொல்லி என்ன பிரயோசனம்?'னு. சிரிச்சா. 'அவன்கிட்டதான்டா சொல்லிக்கிட்டு இருக்கேன்'னா."

அதைச் சொல்லிவிட்டு அண்ணன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, பன்னிரண்டு வயதில் அழாததையெல்லாம் சேர்த்து அழுதார். வேய்-லுன் சணல் அங்கியை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றான். குவே வாசலுக்குப் போய்த் திரும்பி நின்றுகொண்டார். நான் யாரையும் தேற்றவில்லை. எனக்கே அழுகை நிற்கவில்லை.

எனக்கு அப்போது பயமாகவும் இருந்தது. பெற்ற பிள்ளை செத்தது தெரிந்தும், ஞாயிறுதோறும் நாலு மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்து, செத்தவன் பெயரைச் சொல்லி வருகிற குரலுக்கு அவள் "சாப்ட்டியாடா?" என்று பதில் சொல்லியிருக்கிறாள். நூற்று இருபது தடவை. ஒரு சொட்டுக் கண்ணீர்கூட எங்கள் கண்ணில் படவில்லை. எங்கே அழுதாள்? சிப்பி உடைக்கும்போதா, குளிக்கும்போதா? நான் பக்கத்திலேயே இருந்தேன், எனக்குத் தெரியவில்லை.

மதியம் குவே கொடுத்த மாதிரித் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு நானே எழுதினேன். எழுத அதிகம் இல்லை. ஐந்தாவது பெண்ணாகப் பிறந்ததால் 'எப்படியோ வளர்ப்போம்' என்று பொருள்பட போங்-சீ என்று பெயர் வைத்தார்கள். பதினொரு வருஷம் இருமிய கணவனைப் பார்த்துக்கொண்டாள். சிப்பி உடைத்தாள். தெருவுக்கெல்லாம் துக்கத்துணி தைத்தாள். தன் மகன் செத்ததைத் தெரிந்துகொண்டு, அவளுக்குத் தெரியாது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்க எங்களை விட்டாள். ஆ-ஹொக் பெயருக்குப் பக்கத்தில் அந்த ஒற்றை எழுத்தை அண்ணனே தன் கையால் போட்டார். குவே வாங்கிப் படித்துவிட்டு, "இது மாதிரியில இல்லயே டீச்சர்" என்றார். இருக்காது என்றேன்.

சாயங்காலம் அண்ணி சோறும் பால்மீனும் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். காசை எடுக்கப் போனவளை அண்ணன் தடுத்து, தானே வாங்கிக்கொண்டார். மேசைக்கு முன்னால், வலிக்கிற முழங்காலை மடித்து மண்டியிட்டார். காசைக் கைக்குள் குலுக்கிக்கொண்டே இருந்தார். எந்தக் குரலில் பேசுவது என்று தேடுகிறாரோ என்று நினைத்தேன்.

"அம்மா" என்றார் கடைசியில். கரகரவென்று, மூக்கிழுப்பு இல்லாத அவருடைய சொந்தக் குரல். "நான்தாம்மா. ஆ-சாய். பெரியவன்."

காசு தட்டில் விழுந்து சுற்றியது. ஒன்று முதலில் நின்றது, தலை. மற்றது தட்டின் விளிம்புவரை உருண்டுபோய், தள்ளாடி, பூவாக விழுந்தது.

அண்ணி, "அத்தே!" என்று கத்திவிட்டாள். ஆறு நாளில் முதல் தடவை. தட்டை எடுக்கக் குனிந்தாள். அண்ணன் அவள் கையை விலக்கினார். அம்மாவுக்கு வைத்த சோற்றுக் கிண்ணத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். சோறு ஆறிப்போயிருந்தது.

"ஒவ்வொரு தடவையும் சாப்ட்டேன்னு பொய் சொன்னேம்மா" என்றார். "இன்னும் சாப்பிடல."

அங்கேயே தரையில் உட்கார்ந்து, அவளுக்கு வைத்த சாப்பாட்டுக் குச்சிகளாலேயே, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்.